முன் பிரேக் ஹோஸ் ஏன் டேங்குக்கு அடியில் போய்த் திரும்புகிறது? ஏபிஎஸ் பைக்கில் பிரேக் லைன் ஓடும் வழி

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள பைக்கின் டேங்கைத் தூக்கிப் பார்ப்பவர்களுக்கு முதலில் வரும் குழப்பம் இது. முன் பிரேக் லீவர் ஹேண்டில்பாரில் இருக்கிறது, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் முன் சக்கரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நேர்க்கோட்டில் ஒரு மீட்டர் தூரம்கூட இருக்காது. ஆனால் லீவரிலிருந்து கிளம்பும் ஹோஸ் காலிப்பர் பக்கம் போவதில்லை. பின்னால் திரும்பி, ஃபிரேமுக்குள் நுழைந்து, டேங்குக்கு அடியில் மறைந்துவிடுகிறது. அங்கிருந்து இன்னொரு ஹோஸ் முன்னால் வந்து ஃபோர்க்கை ஒட்டி இறங்குகிறது.

யாரோ தப்பாக மாட்டிவிட்டார்களோ என்று தோன்றும். தப்பு எதுவும் இல்லை. ஏபிஎஸ் பைக்கில் பிரேக் லைன் ஒரே குழாயாக இருப்பதில்லை. நடுவில் வெட்டி, இரண்டு துண்டாக ஆக்கி, வெட்டிய இடத்தில் ஒரு கருவியைச் சொருகியிருக்கிறார்கள். ஹோஸ் மாற்றுவது, லைனில் புகுந்த காற்றை எடுப்பது, ஹேண்டில்பாரை உயர்த்துவது என்று பின்னால் வருகிற தலைவலிகள் பெரும்பாலும் இந்த வெட்டிலிருந்துதான் வருகின்றன.

ஏபிஎஸ் இல்லாதபோது

லீவரை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் நகர்ந்து பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் அமுங்காது. அதனால் அழுத்தம் அப்படியே ஹோஸ் வழியாகக் காலிப்பருக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள பிஸ்டன்கள் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகின்றன. லீவர் பக்கப் பிஸ்டன் சிறியது, காலிப்பர் பிஸ்டன் பெரியது என்பதால் விரல் கொடுக்கும் விசை அங்கே பல மடங்காகிறது.

முன்னால் ஒரே டிஸ்க் என்றால் ஒரே ஹோஸ், கதை முடிந்தது. இரண்டு டிஸ்க் என்றால் மூன்று வழிகள் வழக்கத்தில் உண்டு:

1. மாஸ்டர் சிலிண்டரிலேயே நீளமான பாஞ்சோ போல்ட் போட்டு இரண்டு ஹோஸை இறக்குவது.
2. ஒரே ஹோஸை ஃபோர்க்கின் கீழ்த் தட்டு வரை கொண்டுவந்து, அங்கே ஒரு பிரிப்பானில் இரண்டாகப் பிரிப்பது.
3. ஒரு காலிப்பருக்கு இறக்கிவிட்டு, அங்கிருந்து மட்கார்டுக்கு மேலே வளைத்து அடுத்த காலிப்பருக்குக் கொண்டுபோவது.

பாஞ்சோ போல்ட் என்பது உள்ளே துளையிட்ட போல்ட். ஹோஸின் முனையில் உள்ள உலோக வளையத்துக்குள் அது நுழைந்து இறுகும். ஆயில் போல்ட்டின் உள்துளை வழியாகவே போகும். வளையத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு செம்பு அல்லது அலுமினிய வாஷர் வரும். ஒரே போல்ட்டில் இரண்டு வளையம் என்றால் மூன்று வாஷர். இந்த வாஷர் நசுங்கித்தான் கசிவை அடைக்கிறது. கழற்றினால் புதிது போட வேண்டும்.

நடுவில் வந்து உட்காரும் மாடுலேட்டர்

சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும் நேரத்தில் காலிப்பரின் அழுத்தத்தைக் குறைத்து, சக்கரம் உருள ஆரம்பித்ததும் மறுபடி கூட்டுவதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. ஓட்டுபவர் லீவரை இறுக்கிப் பிடித்திருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். அதற்கு ஹோஸின் பக்கவாட்டில் ஒரு கருவியை ஒட்டவைத்தால் போதாது. வாய்க்காலின் குறுக்கே மதகு நிற்பதுபோல, ஆயில் ஓடும் வழிக்குக் குறுக்கேயே அது நிற்க வேண்டும்.

அந்தக் கருவிதான் மாடுலேட்டர். ஒரு அலுமினியக் கட்டி, அதன் ஒரு பக்கம் சிறிய பம்ப் மோட்டார், மறுபக்கம் கணக்குப் போடும் மின்னணுப் பலகை. கட்டிக்குள் ஒவ்வொரு பிரேக்குக்கும் நான்கு உறுப்புகள்: உள்வழி வால்வு, வெளிவழி வால்வு, ஆயில் கொஞ்ச நேரம் தங்கும் சிறு அறை, அந்த ஆயிலைத் திருப்பித் தள்ளும் பம்ப். இவை வேலை செய்யும் வரிசை:

1. சாதாரணமாகப் பிரேக் பிடிக்கும்போது உள்வழி வால்வு திறந்தும் வெளிவழி வால்வு மூடியும் இருக்கும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் ஆயில் தடையில்லாமல் காலிப்பருக்குப் போகும்.
2. சக்கரத்தின் வேகம் சட்டென்று சரிவதைச் சென்சார் காட்டினால் உள்வழி வால்வு மூடும். லீவரை இன்னும் இறுக்கினாலும் காலிப்பரில் அழுத்தம் ஏறாது.
3. அது போதவில்லை என்றால் வெளிவழி வால்வு திறக்கும். காலிப்பர் பக்கத்து ஆயிலில் கொஞ்சம் சிறு அறைக்குள் இறங்கும், பேடின் பிடி தளரும்.
4. பம்ப் அந்த ஆயிலை எடுத்து மாஸ்டர் சிலிண்டர் பக்கமே திருப்பித் தள்ளும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் விரலில் படபடவென்று துடிப்பது இதனால்தான்.
5. சக்கரம் மறுபடி உருண்டதும் வெளிவழி மூடி உள்வழி திறக்கும். அழுத்தம் ஏறும்.

ஒரு விநாடிக்குள் இந்தச் சுற்று பல முறை நடந்து முடிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது வால்வுகளின் இயல்பு நிலை. மின்சாரம் இல்லாதபோது உள்வழி திறந்தே இருக்கும், வெளிவழி மூடியே இருக்கும். அதனால் ஃபியூஸ் போனாலும், சென்சார் கெட்டாலும், ஏபிஎஸ் விளக்கு எரிந்தபடியே இருந்தாலும், பொதுவாக ஏபிஎஸ் இல்லாத சாதாரண பிரேக்காக அது வேலை செய்யும். ‘ஏபிஎஸ் போச்சு, பிரேக்கே பிடிக்காது’ என்று பயப்பட வேண்டியதில்லை. பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்ற ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அதை ஏன் முன்னாலேயே வைக்கவில்லை?

முன் பிரேக்குக்காக இவ்வளவு தூரம் ஆயிலைப் பின்னால் கொண்டுபோய்த் திருப்புவதைவிட, மாடுலேட்டரை ஹெட்லைட்டுக்குப் பின்னால் வைத்துவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் முன், பின் இரண்டு பிரேக்குக்கும் சேர்த்து ஒரே மோட்டார், ஒரே கட்டி. முன்னால் வைத்தால் பின் பிரேக்கின் ஆயில் அங்கே போய்த் திரும்ப வேண்டியிருக்கும். யாராவது ஒருவர் சுற்றித்தான் ஆக வேண்டும். பைக்கின் நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் பங்கிட்டுக்கொள்கின்றன.

வேறு காரணங்களும் உண்டு. பம்ப் மோட்டார் ஓடும்போது கணிசமான மின்னோட்டத்தை இழுக்கும். பேட்டரி அருகில் இருந்தால் தடித்த ஒயர் நீளமாக ஓட வேண்டாம். எடை பைக்கின் நடுவில் இருப்பது நல்லது, ஹேண்டிலோடு திரும்பும் பாகத்தில் ஏறவே கூடாது. விழுந்தால் முதலில் அடிபடுவதும் முன்பக்கம்தான். இதனால் பல பைக்குகளில் மாடுலேட்டர் சீட்டுக்கு அடியிலோ டேங்குக்குக் கீழேயோ இருக்கிறது. இடம் இல்லாத சில மாடல்களில் மட்டும் ஃபிரேமின் முன்கழுத்தை ஒட்டி வருகிறது.

இந்த இடத்தேர்வில் அளவுக்கும் பங்கு உண்டு. 1988-ல் பிஎம்டபிள்யூ தன் கே100 வரிசையில் கொண்டுவந்த ஏபிஎஸ் மொத்தம் சுமார் 11 கிலோ. அதைப் பெரிய பைக்கில்தான் வைக்க முடிந்தது. பிறகு போஷ் நிறுவனம் மோட்டார் சைக்கிளுக்கென்றே வடிவமைத்த ஒன்பதாம் தலைமுறை அலகு 700 கிராம் அளவுக்கு இறங்கியது. சிறிய பைக்கின் சீட்டுக்கு அடியில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஏபிஎஸ் நுழைய முடிந்தது இப்படித்தான்.

எத்தனை சேனல், எத்தனை ஹோஸ்

சேனல் என்றால் மாடுலேட்டர் தனியாகக் கட்டுப்படுத்தும் ஒரு பிரேக் வழி. ஒவ்வொரு சேனலுக்கும் மாடுலேட்டரில் இரண்டு துளைகள்: மாஸ்டர் சிலிண்டரிலிருந்து உள்ளே வருவது ஒன்று, காலிப்பருக்கு வெளியே போவது ஒன்று.

ஒற்றைச் சேனல் ஏபிஎஸ்ஸில் முன் பிரேக் மட்டும் மாடுலேட்டர் வழியாகப் போகும். பின்னால் டிரம் இருக்கும், அல்லது டிஸ்க் இருந்தாலும் மிதியிலிருந்து காலிப்பருக்கு நேராக ஒரே ஹோஸ். இரட்டைச் சேனலில் நான்கு துளைகள், குறைந்தது நான்கு லைன்கள். முன்னால் இரண்டு டிஸ்க் என்றால் வெளியே வரும் லைன் கீழே பிரியும், ஆக ஐந்து அல்லது ஆறு துண்டுகள். முன் பின் பிரேக்கை ஒன்றோடொன்று இணைத்த மாடல்களில் இன்னும் கூடும். அங்கெல்லாம் அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது.

ஒரே பைக்கின் ஏபிஎஸ் மாடலுக்கும் ஏபிஎஸ் இல்லாத மாடலுக்கும் ஹோஸ் செட் வேறு வேறாக இருப்பது இதனால்தான். ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் வாங்குபவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நீளம் மட்டுமல்ல, முனை வளையத்தின் கோணமும் மாறும். மாடுலேட்டர் பக்கம் சில பைக்குகளில் பாஞ்சோ இருக்கும். சிலவற்றில் ஃபிரேமை ஒட்டி ஓடும் கெட்டியான ஸ்டீல் பைப் வந்து, முனையில் விரித்த வாயோடு நட் போட்டு இறுகியிருக்கும். பாஞ்சோ போல்ட்டிலும் 10 மில்லிமீட்டர் தடிமனுக்கு 1.0, 1.25 என்று இரண்டு மரை அளவு புழக்கத்தில் உண்டு. ஒன்று இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். பலத்தைக் காட்டினால் மாடுலேட்டரின் அலுமினிய மரை போய்விடும். அந்தக் கட்டி மலிவான பொருள் அல்ல.

சக்கரத்தின் பக்கம் ஹோஸோடு ஒட்டி இன்னொரு மெல்லிய கறுப்புக் கோடு இறங்குவதையும் பார்க்கலாம். அது பிரேக் லைன் அல்ல, வேகச் சென்சாரின் ஒயர். ஹோஸும் அதுவும் ஒரே கிளிப்பில் ஓடுவதால் பலர் குழம்புகிறார்கள். ஹோஸை மாற்றிவிட்டு அந்தக் கிளிப்பைத் திரும்பப் போடாமல் விட்டால், ஒயர் தொங்கி சக்கரத்திலோ டிஸ்க்கிலோ உரசும். ஹோஸ் நன்றாக இருக்கும், ஏபிஎஸ் விளக்கு எரியும்.

அசையும் இடங்கள்

ஃபிரேமோடு ஒட்டிய பகுதியில் லைன் அசையாது. அங்கே ஸ்டீல் பைப் போதும், அது வீங்காது, தேயாது. சிக்கல் எல்லாம் அசையும் மூன்று இடங்களில்: ஹேண்டில் திரும்பும் கழுத்து, ஃபோர்க் மேலும் கீழும் போகும் பகுதி, பின்னால் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்ம். இங்கெல்லாம் வளையும் ஹோஸ் வேண்டும்.

ஏபிஎஸ் இல்லாத பைக்கில் மாஸ்டர் சிலிண்டர், ஃபோர்க், காலிப்பர் எல்லாம் ஹேண்டிலோடு சேர்ந்தே திரும்பும். ஹோஸும் கூடவே திரும்புவதால் கழுத்தில் அதற்கு வளைவே இல்லை. ஏபிஎஸ் வந்ததும் நிலைமை மாறுகிறது. மாடுலேட்டர் ஃபிரேமில் நிற்கிறது, திரும்புவதில்லை. முன் பிரேக்கின் லைன் கழுத்தை இரண்டு முறை கடக்கிறது, உள்ளே போகும்போது ஒன்று, திரும்பி வரும்போது ஒன்று. ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு ஹோஸ்கள் வளைந்து நிமிர்கின்றன.

இதனால்தான் தயாரிப்பாளர்கள் அந்த இரண்டையும் திரும்பும் அச்சுக்கு முடிந்தவரை அருகில் கடக்கவிடுகிறார்கள். அச்சை ஒட்டிப் போனால் ஹேண்டிலை முழுக்கத் திருப்பினாலும் ஹோஸுக்குத் தேவைப்படும் நீளம் அதிகம் மாறாது, முறுக்கிக்கொண்டு வளையும், அவ்வளவே. அச்சிலிருந்து தள்ளிப் போனால் ஒரு பக்கம் திருப்பும்போது இழுபடும், மறுபக்கம் திருப்பும்போது புடைத்து வெளியே வரும். ஸ்விங் ஆர்மிலும் இதே நியாயம்தான்: பின் ஹோஸ் அதன் அச்சுக்கு அருகில் ஏறி, அப்புறம் ஆர்மை ஒட்டிப் பின்னால் போகும்.

ஹோஸ் இந்த வளைவைத் தாங்க வேண்டும் என்பதை விதிகளும் கேட்கின்றன. பிரேக் ஹோஸுக்கான அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 106 தரத்தில், ஹோஸை ஒரு இயந்திரத்தில் மாட்டி 35 மணி நேரம் தொடர்ந்து வளைத்துச் சுழற்றும் சோதனை உண்டு. கிழியக் கூடாது. ஆனால் சோதனைக்கூடத்தில் ஹோஸ் எதிலும் உரசுவதில்லை. பைக்கில் உரசும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் என்றால் இன்னும் மோசம், அது தேய்வதற்குள் தான் தொடும் ஃபிரேமையும் ஒயரையும் அரம்போல அறுத்துவிடும். மேலுறை போட்டதாகப் பார்த்து வாங்குவதே நல்லது.

உயரமான ஹேண்டில்பார் மாட்டியவர்களும் ஹோஸ் மாற்றியவர்களும் ஓட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை:

1. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஃபோர்க்கை முழுக்க நீள விடுங்கள். அந்த நிலையில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். எந்த ஹோஸும் விறைக்கக் கூடாது. நிறுத்திவைத்த பைக்கில் ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தால் இது தெரியாது, ஃபோர்க் கொஞ்சம் அமுங்கியே இருக்கும்.
2. ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது ஹோஸ் எந்தப் பக்கம் புடைக்கிறது என்று பாருங்கள். டயரையோ ரேடியேட்டர் விசிறியையோ நோக்கிப் புடைத்தால் கிளிப்பின் இடம் தப்பு.
3. டேங்கைத் திரும்ப வைக்கும்போது ஹோஸ் அதன் அடியில் நசுங்காமல் பழைய பள்ளத்திலேயே கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பல பைக்குகளில் அந்த இடைவெளி ஒரு விரல் அகலம்தான்.
4. பின் ஹோஸும் சைலன்சரும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று, சீட்டில் ஆள் உட்கார்ந்த நிலையில் பாருங்கள்.

தப்பாக மாட்டினால் தெரியாது

இதில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம் இதுதான். மாடுலேட்டரில் மாஸ்டர் பக்கத் துளையையும் காலிப்பர் பக்கத் துளையையும் இடம் மாற்றி மாட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். லீவரை அழுத்தினால் பிரேக் பிடிக்கும். உள்வழி வால்வு திறந்தே இருப்பதால் ஆயில் எந்தத் திசையிலும் போகும். தெருவில் ஒரு சுற்று சுற்றினாலும் வித்தியாசம் தெரியாது.

ஏபிஎஸ் விழித்துக்கொள்ளும் அந்த ஒரு நொடியில்தான் எல்லாம் தலைகீழாகும். வெளிவழி வால்வு இப்போது காலிப்பரின் ஆயிலை அல்ல, மாஸ்டர் சிலிண்டரின் ஆயிலைச் சிறு அறைக்குள் இறக்கும், லீவர் உள்ளே அமுங்கும். பம்ப் அந்த ஆயிலைக் காலிப்பர் பக்கமே தள்ளும். அழுத்தம் குறைய வேண்டிய நேரத்தில் கூடும்.

முன், பின் சேனல்கள் மொத்தமாக இடம் மாறினாலும் கிட்டத்தட்ட இதே கதை. முன் லீவர் முன் சக்கரத்தைத்தான் பிடிக்கும், ஆனால் முன் சக்கரம் பூட்டும்போது மாடுலேட்டர் பின் பிரேக்கைத் தளர்த்தும். வெளியே போகும் இரண்டு லைன் மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை, லீவரை அழுத்தியதும் பின் சக்கரம் நிற்கும், உடனே தெரிந்துவிடும்.

எனவே கழற்றும் முன் ஒவ்வொரு லைனுக்கும் அடையாளம் கட்டுவதும், போட்டோ எடுத்துவைப்பதும் வெறும் சடங்கு அல்ல. கண்டறியும் கருவியை இணைத்து ஒவ்வொரு சக்கரமாகச் சோதிக்கும் வசதி பல மாடல்களில் உண்டு: ஒருவர் லீவரை அழுத்திப் பிடிக்க, கருவி அந்தச் சேனலின் வால்வை இயக்க, தூக்கிவைத்த சக்கரம் கையால் சுற்றும் அளவுக்குத் தளர வேண்டும். மாடுலேட்டர் பக்கம் லைனைக் கழற்றியிருந்தால் இந்தச் சோதனை இல்லாமல் பைக்கை வெளியே எடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

காற்று எங்கே ஒளிந்துகொள்கிறது

காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. லைனில் காற்று இருந்தால் லீவர் பஞ்சுபோல உள்ளே போகும். ஏபிஎஸ் இல்லாத பைக்கில் லைன் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஒரே இறக்கம். ஏபிஎஸ் பைக்கில் அது கழுத்தில் வளைந்து, மாடுலேட்டருக்கு ஏறி இறங்கி, மறுபடி கழுத்துக்கு வந்து இறங்குகிறது. வளைவின் உச்சி ஒவ்வொன்றிலும் குமிழ்கள் தங்கும். காலிப்பரில் காற்று வெளியேற்றுவதற்கென்று உள்ள நிப்பிளைத் திறந்து மெதுவாக ஆயிலை விட்டால், ஆயில் குமிழுக்கு அடியிலேயே ஓடிவிடும். அதனால்தான் இங்கே காற்று எடுக்க நேரமும் ஆயிலும் அதிகம் பிடிக்கின்றன. மாஸ்டர் சிலிண்டரின் பாஞ்சோவிலிருந்து ஆரம்பித்து, மாடுலேட்டர் இணைப்பு, அப்புறம் காலிப்பர் என்று படிப்படியாக இறங்கினால் வேலை சுலபமாகும். மாடுலேட்டரிலேயே நிப்பிள் இருந்தால் சர்வீஸ் புத்தகம் சொல்லும் வரிசையே சரி.

சரி, மாடுலேட்டருக்கு உள்ளே? நேர்வழியில் உள்ள ஆயில் சாதாரண முறையிலேயே மாறிவிடும். ஆனால் வெளிவழி வால்வுக்கு அந்தப் பக்கம் உள்ள சிறு அறையும் பம்பும் மூடியே கிடக்கும். அங்கே காற்று புகுந்திருந்தால் லீவரை எத்தனை முறை அடித்தாலும் வெளியே வராது. கருவியை இணைத்து வால்வையும் பம்பையும் ஓட்டித்தான் எடுக்க வேண்டும். ஹோஸை மட்டும் மாற்றி, மாடுலேட்டரை வறண்டுபோக விடாமல் வேலை செய்தால் இது பெரும்பாலும் தேவைப்படாது. கட்டியையே மாற்றினாலோ, லைன்களைத் திறந்து பல நாள் போட்டுவைத்தாலோ தேவைப்படும்.

ஆயிலின் வகையும் இங்கே கூடுதலாகக் கணக்கில் வருகிறது. வால்வின் துளைகள் மிக நுண்ணியவை. கெட்டியான, அழுக்கான ஆயில் அவற்றில் தயங்கும். டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய கொதிநிலைக்கு, ஈரம் ஏறிய நிலையில் தரம் கேட்பது 155 டிகிரிதான். பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ ஏபிஎஸ்ஸில் ஊற்றக் கூடாது. அதில் நுண்குமிழ்கள் எளிதில் கலந்து தங்கிவிடும். டாட் 5.1 வேறு, அது டாட் 4-ன் குடும்பம்தான்.

மாடுலேட்டரைத் தாண்டிக் கட்டுவது

மாடுலேட்டர் கெட்டுப்போய், புதிதின் விலையைக் கேட்டு மலைத்து, மாஸ்டரிலிருந்து காலிப்பருக்கு நேராக ஒரு ஹோஸ் போட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஹைட்ராலிக் கணக்கில் அது வேலை செய்யும். ஆனால் ஏபிஎஸ் இல்லாத மாடலின் ஹோஸ் அந்த மாடலின் கிளிப்புகளுக்கென்று செய்யப்பட்டது, ஏபிஎஸ் மாடலில் அந்த இடங்கள் இல்லாமல் போகலாம். ஏபிஎஸ் கட்டாயமான நாடுகளில் இது சட்டச் சிக்கலும் ஆகும். விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். கோளாறு பம்பிலோ மின்னணுப் பலகையிலோ மட்டும் என்றால், வால்வின் இயல்பு நிலையே பிரேக்கைச் சாதாரணமாக ஓடவைக்கும். பழுது பார்க்கும் வரை லைன்களை அப்படியே விட்டுவைக்கலாம். கட்டியே கசிகிறது என்றால் மட்டும் பைக்கை ஓட்டாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.